அந்தப் புக்குல நான் கீறனா?

(ஆம்பூரில் நடந்த மாணவர் வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)

 

கவிதை வாசிக்கத்தான் என்னை முதலில் கூப்பிட்டார்கள். கவிதை வேண்டாம், ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கூப்பிட்ட தம்பிக்கு முகம் சுருங்கிப்போச்சு. என்ன செய்ய, நான் பேங்க் கிளார்க். பன்னிரண்டு வருஷமா அடுத்தவங்க கணக்கை எழுதிக்கிட்டிருக்கேன். எழுதுறவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுடும். டேலி ஆகிற கணக்கெல்லாம் உண்மையான கணக்கு இல்ல. சாயங்காலம் வித்தியாசம் வந்து, அது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியலன்னா, தூக்கி சஸ்பென்ஸ்ல போட்டுடுவோம். தாள் சுத்தமாயிடும். அந்த வித்தியாசம் மட்டும் எங்கேயோ உயிரோட இருக்கும்.

நான் பேச வந்த கணக்குப் புத்தகம், உங்கள் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வருஷா வருஷம் வெளியிடுகிற பசுமை அறிக்கை. கிரீன் ஆடிட் என்பார்கள், சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட் என்பார்கள். எத்தனை மரம், எத்தனை யூனிட் சூரிய மின்சாரம், எவ்வளவு மழைநீர் சேமிப்பு, எவ்வளவு குப்பை என்று படங்களோடு போடுவார்கள். நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். நானும் பார்த்ததில்லை, எங்க சின்னம்மா கேக்குற வரைக்கும்.

சின்னம்மா ஒரு கல்லூரியில கான்ட்ராக்டுல பெருக்குறாங்க. கல்லூரி பேரு வேணாம். எந்தப் பேரைச் சொன்னாலும் கதை மாறாது. அந்தக் கல்லூரியில படிக்கிற எங்க தெருப் பையன் ஒருத்தன் பசுமை அறிக்கையை பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டாந்திருந்தான். வழவழன்னு கலர் படம். சின்னம்மா ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பார்த்தாங்க. ஒரு பக்கத்துல பச்சை, நீலம், சிவப்புன்னு மூணு குப்பைத் தொட்டி. "டேய், இது நான் கழுவுற தொட்டிடா"ன்னாங்க. அப்புறம் என்கிட்ட கேட்டாங்க: "அந்தப் புக்குல நான் கீறனா?"

தேடினேன். மரங்களுக்கு வட்டாரப் பேரும் தாவரவியல் பேரும் இருந்தது. பறவைகள் பட்டியல் இருந்தது. மாத்தின பல்புகளுக்கு எண்ணிக்கை இருந்தது. சின்னம்மா வேலை செய்யற இடத்துக்கு வந்தப்போ ஒரே ஒரு வாக்கியம்: 'வளாகத்தின் குப்பை நூறு சதவீதம் மட்கும், மட்காத குப்பையாகத் தரம் பிரிக்கப்படுகிறது.' பள்ளிக்கூடத்துல செயப்பாட்டு வினை படிச்சிருப்பீங்க. செய்தவன் பேரைச் சொல்லாமலே வேலை முடிஞ்சுட்டதாச் சொல்ற வினை அது. பெருக்கப்படுகிறது, கழுவப்படுகிறது, அகற்றப்படுகிறது. இந்த 'படுகிறது'க்குள்ளதான் எங்க சின்னம்மா இருக்காங்க, கையுறை இல்லாம.

"கீறீங்க சின்னம்மா, ஆனா பேரு இல்ல"ன்னேன். "பேரு இல்லன்னா அப்புறம் எங்க கீறன்?"னு கேட்டுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க.

அன்றைக்கு ராத்திரி, இந்தக் கணக்கை யார் கேட்கிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

1990இல் பிரான்சில் தல்வார் என்ற ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, சுற்றுச்சூழலில் தங்கள் நிறுவனங்களுக்குப் பொறுப்பு உண்டு என்று ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். பொறுப்பு என்று சொன்னால் அளக்க வேண்டும், அளந்தால் போட்டி வரும். 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் கிரீன்மெட்ரிக் என்ற உலகத் தரவரிசையைத் தொடங்கியது. முதல் வருடம் 95 பல்கலைக்கழகங்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்ஸ் என்றொரு முறை வந்தது. பள்ளி விளையாட்டு விழா மாதிரி வெண்கலம், வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே பிளாட்டினம். 2019இல் லண்டனிலிருந்து டைம்ஸ் ஹையர் எஜுகேஷன், ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளை வைத்து இன்னொரு பட்டியல் போட்டது. நம்ம நாட்டில் நாக் குழு வரும்போது கல்லூரிக்கு வெள்ளையடிப்பார்களே, அந்த நாக்கின் ஏழாவது அளவுகோலில் பசுமை வளாகத்துக்கும் பசுமைத் தணிக்கைக்கும் இடம் உண்டு. 2020இல் யு.ஜி.சி.யும் பசுமை வளாகத்துக்கு ஒரு வழிகாட்டி போட்டது. நீங்கள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் எழுதி முடித்த அந்தச் சுற்றுச்சூழல் பாடம்கூட, 1991இல் மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2003இல் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகு வந்ததுதான்.

இந்தக் கேள்வித்தாள்களை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். லோன் அப்ளிகேஷன் படிச்சுப் பழகின கண்ணு, கேட்கிற கேள்வியைவிட விட்டுப்போன கேள்வி மேலதான் நிக்கும். கிரீன்மெட்ரிக்கில் பல வருஷமாக மதிப்பெண் பிரிப்பு இப்படி இருந்தது: எரிசக்திக்கு நூற்றுக்கு 21, குப்பைக்கு 18, போக்குவரத்துக்கு 18, கல்விக்கு 18, இட அமைப்புக்கு 15, தண்ணீருக்கு 10. குப்பைப் பகுதியில் மறுசுழற்சி உண்டா, நச்சுக் கழிவை என்ன செய்கிறீர்கள், சாக்கடை எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். யார் கையால் என்று கேட்பதில்லை. இந்தோனேசியாவில் உட்கார்ந்து கேள்வி போட்டவனுக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிற பேராசிரியருக்குமா தெரியாது? இந்த நாட்டில் குப்பைக்குச் சாதி உண்டு, சாக்கடைக்குச் சாதி உண்டு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் அதையே 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சாவு நின்றிருந்தால் தொகையை எதற்காக உயர்த்துகிறார்கள்?

எல்லா முறையும் ஒரே மாதிரி குருடு என்றும் நான் சொல்லவில்லை. ஸ்டார்ஸ் முறையில், வாழத் தேவையான சம்பளம் கொடுக்கிறாயா என்று கேட்கும்போது, வளாகத்துக்குள் வேலை செய்கிற கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அந்த அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இந்த எண் சரியில்லை என்று கேள்வி எழுப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். டைம்ஸ் பட்டியலிலும் எட்டாவது இலக்கின் கீழ், வெளியாளிடம் விட்ட வேலையைச் செய்கிறவர்களுக்குச் சம உரிமை உண்டா, சங்கம் வைக்க விடுகிறாயா என்ற கேள்விகள் உண்டு. ஆனால் அங்கே ஒரு சௌகரியம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பதினேழாவது இலக்குக்குக் கட்டாயம் பதில் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணுக்கு அதோடு, எதில் அதிக மார்க் வாங்கினாயோ அந்த மூன்று இலக்குகளை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். சின்னம்மா இருக்கிற எட்டாவது கேள்வியை விட்டுவிட்டும் உலகத் தரவரிசையில் இடம் பிடிக்கலாம். நம்ம பரீட்சையில 'எவையேனும் மூன்றனுக்கு மட்டும் விடையளி'ன்னு வந்தா நாம எதை விடுவோமோ, அதைத்தான் அவங்களும் விடுறாங்க.

இங்கே ஒரு தோழர் எழுந்து என்னிடம் கேட்கக்கூடும். போன மாசம் டீக்கடையில ஒருத்தர் கேட்டே கேட்டார்: "அண்ணா, பசுமைங்கறதே வயிறு நெறஞ்சவன் பேச்சு. மரம், பறவைன்னு அவன் எழுதிக்கட்டும். நமக்கு இட ஒதுக்கீடு இருக்கு, ஸ்காலர்ஷிப் இருக்கு, கொலை வழக்கு இருக்கு. இது எதுக்கு?" பாபாசாகேப் 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் மக்களைத் திரட்டிக்கொண்டு போனது ஒரு குளத்துக்கு. அள்ளிக் குடிச்சது தண்ணி. தண்ணீர் நம்முடைய அரசியலுக்கு வெளியே எப்போது இருந்தது? அதைவிட முக்கியமாக, டீக்கடைத் தோழருக்கு நம்ம ஜில்லா வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று சொல்லணும்.

நம்ம ஜில்லாவுக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர் இருந்த காலம். பாலாற்றுப் படுகையில் டேனரித் தண்ணி இறங்கி, கிணறு சிவந்து, நெல்லு கருகி, தென்னை மொட்டையாகி நின்ற காலம். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது நம்ம நாட்டுச் சட்டமாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அதோடு இன்னொரு எண்ணும் இருக்கிறது: தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம், பாதியாகவோ முழுசாகவோ, சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. அந்த எண்ணைக் கண்டு சொன்னது யார்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பல்கலைக்கழகம் தன்னுடைய சுவருக்கு வெளியே நடந்து போயிருக்கிறது. அடுத்தவன் வயல் மண்ணை எடுத்து, அடுத்தவன் கிணத்துத் தண்ணியை மொண்டு சோதிச்சு, ஓர் எண்ணை எழுதி வெச்சிருக்கு. அதுக்கு எந்தத் தரவரிசையும் கிடையாது, பிளாட்டினம் கிடையாது. ஆனா அந்த எண் டில்லி வரைக்கும் போய் நீதிபதி வாயால படிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் கணக்கைப் பொதுவில் வைப்பது என்றால் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான், அது நம்ம ஜில்லாவிலேயே இருக்கிறது. இன்றைக்கு வருகிற கலர் அறிக்கைகளில் எனக்கு இருக்கிற முதல் குறை, கணக்கு காம்பவுண்டுச் சுவரோடு நின்றுபோகிறது என்பது. உள்ளே மழைநீர் சேமிச்சாச்சு, சரி. ஹாஸ்டலுக்கு ராவும் பகலும் ஓடுகிற போர், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிக் கைப்பம்பை என்ன செய்தது? அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த 35,000 பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பின்படி ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் அது கணக்கை முடித்தபோது பாதிக்கப்பட்ட நிலம் 15,164 ஹெக்டேர் என்றது. இழப்பீடு பெற வேண்டியவர்கள் 29,193 பேர், 547 டேனரிகள் கட்ட வேண்டிய தொகை 26 கோடியே 82 லட்சம். வகுத்துப் பார்த்தேன், பழக்க தோஷம். தலைக்குச் சராசரி ரூ.9,200கூட வரவில்லை. பல்கலைக்கழகம் எண்ணியபோது 35,000, ஆணையம் எண்ணியபோது 15,164. நடுவில் இருக்கிற ஏறக்குறைய 20,000 எந்த சஸ்பென்ஸ் கணக்கில் போய் உட்கார்ந்தது? எதை வைத்து அளந்தார்கள், யாருக்காக அளந்தார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் கையில் வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அதையும்விட, இழப்பீட்டை ஹெக்டேரில் அளந்தார்கள். அந்த நிலத்தில் நாத்து நட்டு, களை பறிச்சு, கூலி வாங்கின சேரிக்காரனுக்கு ஏது ஹெக்டேர்? பயிர் செத்ததோட அவன் வேலையும் செத்தது. பட்டா இல்லாதவன் இழப்பு எந்தப் பத்தியில வரும்?

எங்கப்பா டேனரியில சுண்ணாம்புக் குழியில இறங்கி வேலை செஞ்சவரு. தீர்ப்பு வந்த சமயத்துல அந்த டேனரியை மூடிட்டாங்க. நான் ஒண்ணாங்கிளாஸ். அப்பா பகல்ல வீட்டுல இருக்காரேன்னு எனக்குச் சந்தோஷம். அம்மா மட்டும் பேசவே மாட்டாங்க. கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக் கிடக்கும் அவருக்கு; வேலை இல்லாத அந்த மாசங்கள்லதான் அது ஆறிச்சு. புண்ணு ஆற ஆற வீட்டுல அரிசி கொறைஞ்சுது. அதனால, சுற்றுச்சூழல் பத்திப் பேசறவங்க யாரும் என்கிட்ட வந்து "டேனரியை மூடு"ன்னு சுலபமாச் சொல்லிட முடியாது. "டேனரி இல்லாம ஊரு ஏது"ன்னு சொல்ற மொதலாளியும் என்கிட்டச் சுலபமாத் தப்பிச்சிட முடியாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது. விட்டுப்போன இழப்பீட்டைக் கொடு, மாசு செய்தவனிடமிருந்து வசூலி, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்றது. 1991இல் போட்ட மனு. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் பலருக்கு அப்பா அம்மாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது.

இப்போது வளாகங்களின் அறிக்கையில் புதிதாக வந்திருக்கிற ஒரு வார்த்தை: 'ஜீரோ டிஸ்சார்ஜ்'. எங்கள் வளாகத்திலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போவதில்லை என்று பெருமையாகப் போடுகிறார்கள். இந்த ஜீரோவை ஆம்பூர்க்காரனுக்கு நீங்கள் விளக்க வேண்டாம். நம்ம பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களெல்லாம் ஜீரோவுக்கு மாறியவைதான். தண்ணியைப் பிழிஞ்சு திரும்ப எடுத்தா உப்பும் சேறும் மிஞ்சும். அது எங்கேயாவது இருந்தாகணும். 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி ராணிப்பேட்டையில கழிவுச் சேறு தேக்கி வெச்ச தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிக்கிட்டிருந்தவங்க மேல கொட்டிச்சு. 10 பேர் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துலேர்ந்து பொழைக்க வந்த கூலிகள். அதே ராணிப்பேட்டையில 1995லயே மூடின குரோமேட் ஆலையோட கழிவு லட்சக்கணக்கான டன்னா மலை மாதிரிக் கிடந்தது. ஆலையின் கணக்கில் உற்பத்தி ஜீரோ. மஞ்சள் தண்ணி மட்டும் மழைக்கு மழை நடந்துச்சு. ஆகவே உங்கள் கல்லூரி ஜீரோ என்று சொன்னால், சேற்றை யார் அள்ளுகிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள், தொட்டியில் யார் இறங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, போய் நேரில் பாருங்கள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. இரண்டு சட்ட விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

2003 அக்டோபர் 14ஆம் தேதி அபாயக் கழிவுகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. என்ன ரசாயனம் பயன்படுத்துகிறாய், எவ்வளவு கழிவுநீர், எவ்வளவு புகை, எவ்வளவு திடக்கழிவு என்பதைத் தொழிற்சாலை தன் மெயின் கேட்டுக்கு வெளியே எழுதி வைக்க வேண்டும். அப்படி வைத்த போர்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து, எண் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். இருந்தாலும் போர்டு கேட்டில் இருக்கிறது, தெருவைப் பார்த்து இருக்கிறது. மாசு செய்கிற டேனரிக்கே கேட்டில் எழுதும் கடமை உண்டு என்றால், பசுமை என்று பட்டம் வாங்குகிற கல்லூரிக்கு என்ன கூச்சம்? அதன் கணக்கு ஏன் இங்கிலீஷில், கம்ப்யூட்டருக்குள்ளே, நாக் குழுவைப் பார்த்து மட்டும் இருக்கிறது?

இரண்டாவது, 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு. யாரும் கேட்காமலே பொது அதிகார அமைப்புகள் தாமாக முன்வந்து தகவல் வெளியிட வேண்டும் என்கிறது. அதன் நான்காவது உட்பிரிவு, வட்டார மொழியையும் அந்த இடத்து மக்களுக்கு எந்த வழியில் போய்ச் சேருமோ அந்த வழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்திலும் அரசுக் கல்லூரியிலும் படிக்கிறவர்கள் இதை வைத்தே மனு எழுதலாம். துப்புரவு வேலைக்கு எத்தனை பேர், எந்த ஏஜென்சி, ஒப்பந்தத்தில் ஒரு நாள் கூலி என்ன, கையுறையும் பூட்ஸும் கடைசியாக வாங்கிய தேதி என்ன, கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்த இயந்திரம் யாருடையது, எத்தனை போர்வெல், எத்தனை அடி ஆழம். பத்து ரூபாய் கட்டணம்தான். சாதி விவரமும் கேளுங்கள். தர மாட்டார்கள், தரவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கூலி பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏன்னா அது நான் தினம் பார்க்கிறது. கவுண்ட்டருக்கு வர்ற கான்ட்ராக்ட் பொம்பளைங்க பாஸ்புக்கை நீட்டி "எவ்ளோ ஏறிக்கிது பாரு நைனா"ன்னு கேப்பாங்க. நான் தொகையைச் சொல்லுவேன். அவங்க விரல் விட்டு நாளை எண்ணுவாங்க. பெரும்பாலும் ரெண்டும் ஒத்துப்போகாது. பிடித்தம் எதுக்குன்னு கேட்டா ஏஜென்சியைக் கேளுன்னு கல்லூரி சொல்லும், கல்லூரியைக் கேளுன்னு ஏஜென்சி சொல்லும். அந்த வித்தியாசத்தைப் போட எந்த லெட்ஜர்லயும் தலைப்பு கிடையாது.

எங்க தெருப் பையனும் அவனோட படிக்கிற நாலு பேரும் சேர்ந்து ஒரு வேலை ஆரம்பிச்சிருக்காங்க. கல்லூரி போட்ட பசுமை அறிக்கையை வரி வரியாத் தமிழ்ல எழுதுறாங்க. 'படுகிறது'ன்னு வர்ற ஒவ்வொரு எடத்திலயும் நிறுத்தி, அந்த வேலையைச் செய்யறவங்ககிட்ட நேராப் போய்க் கேட்டுப் பக்கத்துல எழுதுறாங்க. பன்னிரண்டு பக்கம் முடிஞ்சிருக்கு. குப்பைப் பக்கத்துக்கு சின்னம்மாகிட்ட வந்தப்போ, காலையில நாலரைக்கு எழுந்திரிக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க. பையன் நோட்டு பத்தல. பேரு போடலாமான்னு கேட்டிருக்கான். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இப்ப போடாத, கான்ட்ராக்டு மார்ச்சுல மாத்துவான், அப்பால போடு"ன்னு சொல்லியிருக்காங்க.

அந்த நோட்டு இங்கே மேசை மேல இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் பாருங்க. உங்க கல்லூரி அறிக்கை கையில இருக்கறவங்க அடுத்த மாசம் எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாத்தையும் போட்டோ எடுக்காதீங்க, மூணாவது பக்கத்துல ஒருத்தர் பேரை அடிக்க மறந்துட்டாங்க.